மர வடிவக் களஞ்சியத்தில் இடம் போதாதபோது: ஜாக்ராபிட் டேபிள்களை மாற்றி அமைப்பது எப்படி

மதுரையைச் சுற்றி மலைக்கு மலை தமிழி (தமிழ் பிராமி) கல்வெட்டு இருக்கிறது. மாங்குளம், அரிட்டாபட்டி, கீழவளவு, கருங்காலக்குடி, திருவாதவூர், யானைமலை, அழகர்மலை என்று பட்டியல் நீளும். இவற்றின் படங்கள், மைப்படிகள், வாசிப்புகள், கட்டுரைகள் எல்லாவற்றையும் ஓரிடத்தில் சேர்த்து வைக்க ஒரு கல்லூரி நூலகம் முன்வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மாவட்டத்துக்குள் வட்டம், வட்டத்துக்குள் ஊர், ஊரில் மலை, மலையில் குகை, குகையில் கல்வெட்டு, ஒவ்வொரு கல்வெட்டுக்கும் பத்துப் பதினைந்து படம். சரக்கே மர வடிவில்தான் இருக்கிறது. அதை மரமாகவே வைத்துக்கொள்ளும் மென்பொருள்கள் உண்டு. ஜாவா பக்கம் அப்பாச்சி ஜாக்ராபிட் அதில் பழைய பெயர், இன்றும் பல நிறுவனங்களின் உள்ளடக்க மென்பொருளுக்கு அடியில் ஓடிக்கொண்டிருக்கிறது.

மேலே மரம் தெரிந்தாலும் அடியில் இருப்பது பெரும்பாலும் மைஎஸ்கியூஎல், போஸ்ட்கிரெஸ் மாதிரி ஒரு சாதாரண டேட்டாபேஸ்தான். அதன் டேபிளில் ஒவ்வொரு நெடுவரிசைக்கும் ஓர் அளவு உண்டு. அந்த அளவை மீறும் நாளில்தான் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவருக்கு வியர்க்கும். இலந்தைக்குளம் ஐடி பார்க்கிலோ வேறெங்கோ சரக்கை இப்படி மரமாக வைக்கும் ஒரு களஞ்சியத்தைக் கையில் வாங்கியிருப்பவருக்காக இந்தக் கட்டுரை. எடுத்துக்காட்டுக்கு ஜாக்ராபிட் 2, மைஎஸ்கியூஎல் ஜோடியை எடுத்துக்கொள்கிறேன்.

பிழைச் செய்தி வந்ததும் பலர் செய்வது, நெடுவரிசையைப் பெரிதாக்கிவிட்டு வீட்டுக்குப் போவது. அது தேவைதான். ஆனால் வரிசையில் அது கடைசி. எது வளர்கிறது என்று பார்க்காமல் இடத்தை மட்டும் கூட்டினால், அடுத்த தடவை இதைவிட மோசமான இடத்தில் வந்து நிற்கும்.

எது வளர்கிறது என்று முதலில் பாருங்கள்

ஜாக்ராபிட்டில் மரத்தின் ஒவ்வொரு கணுவும் ஒரு நோடு. ஒரு நோடுக்கு டேபிளில் ஒரு வரி. பண்டில் என்று முடியும் டேபிளைத் திறந்தால் இரண்டே நெடுவரிசை இருக்கும். ஒன்றில் நோடின் 16 பைட் அடையாள எண். மற்றதில் அந்த நோடைப் பற்றிய மீதி எல்லாம் ஒரே மூட்டையாக. அந்த மூட்டைக்குள் நோடின் வகை இருக்கிறது, அதன் பிராப்பர்ட்டிகள், அதாவது தலைப்பு, தேதி போன்ற விவரங்கள் இருக்கின்றன, அதற்கு நேர் கீழே உள்ள பிள்ளை நோடுகளின் பட்டியலும் இருக்கிறது. பிள்ளைகளின் உள்ளடக்கம் இல்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் அதன் பெயரும் 16 பைட் எண்ணும் மட்டும்.

ஆக, ஒரு வரி பெரிதாவதற்கு மூன்றே காரணம். உள்ளேயே வைக்கப்பட்ட கோப்புகள், நீளமான எழுத்துப் பிராப்பர்ட்டிகள், அளவுக்கு மீறிய பிள்ளைகள். கோப்புகளைத் தனியே வைக்கும் டேட்டா ஸ்டோர் அமைக்காத களஞ்சியத்தில் 4,096 பைட்டுக்குள் அடங்கும் பைனரிகள் (படம் போன்ற கோப்புகளின் உள்ளடக்கம்) மூட்டையிலேயே உட்காரும். அதற்கு மேல் போனால் வேறு டேபிளுக்குப் போகும். இந்த 4,096 மாற்றக்கூடிய எண்தான். யாராவது வேகத்துக்காக அதை ஏற்றி வைத்திருக்கிறார்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நம்மூர்க் களஞ்சியத்துக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. யுடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்து ஒரு பைட், தமிழில் ஒவ்வொரு குறியீடும் மூன்று பைட். எழுத்து என்று நாம் எண்ணுவதும் குறியீடும் வேறு வேறு. 'தி' நமக்கு ஓர் எழுத்து, கணினிக்கு இரண்டு குறியீடு, ஆறு பைட். 'திருவாதவூர்' என்ற பெயர் 11 குறியீடு, 33 பைட். சோதனைக்கு ஆங்கிலப் பெயர்களை மட்டும் போட்டுப் பார்த்துவிட்டு 'எல்லாம் ஓடுகிறது' என்று சொல்லும் குழுக்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

கணக்குப் போடுவோம். 'கீழவளவு குகை வடக்குப் பக்கம் 12' என்று ஒரு படத்துக்குப் பெயர் வைத்தால் பெயர் மட்டும் 81 பைட். அடையாள எண்ணையும் சேர்த்தால் நூறை ஒட்டி வரும். மைஎஸ்கியூஎல்லில் பைட்டுகளை அப்படியே வைக்கும் வெறும் ப்ளாப் வகை நெடுவரிசையின் உச்சம் 65,535 பைட். அதாவது ஒரே நோடின் கீழ் அறுநூற்றைம்பது படம் சேர்ந்தாலே மூட்டை நிறைந்துவிடும். படங்களின் அளவுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, பெயர்ப் பட்டியல் மட்டுமே அவ்வளவு.

எழுத்துப் பிராப்பர்ட்டியும் அப்படித்தான். ஒரு சொல்லுக்குச் சராசரி ஒன்பது குறியீடு என்று வைத்தால், இடைவெளியோடு 28 பைட். 2,340 சொற்களில் 65,535 முடிந்துவிடும். ஒரு கல்வெட்டின் வாசிப்பும் விளக்கமும் சேர்ந்த நடுத்தரக் கட்டுரை அந்த நீளம்தான். டேட்டா ஸ்டோர் வைத்தாலும் இந்த எழுத்துகள் வெளியே போகாது. அது பைனரி வகை மதிப்புகளை மட்டுமே எடுத்துக்கொள்ளும். நீளக் கட்டுரைகளை ஸ்டிரிங் பிராப்பர்ட்டியாக வைக்காமல் கோப்பு நோடாக, பைனரியாக வையுங்கள்.

இப்போதைய நிலையை அளந்து பாருங்கள்

எதையும் மாற்றுவதற்கு முன் மைஎஸ்கியூஎல்லில் 'ஷோ கிரியேட் டேபிள்' கொடுத்து ஒவ்வொரு டேபிளின் நெடுவரிசை வகையையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மென்பொருளின் பதிப்புக்குப் பதிப்பு, பயன்படுத்திய சேமிப்பு வகுப்புக்கு வகுப்பு இது மாறும், ஊகிக்க வேண்டாம். பிறகு மூட்டை நெடுவரிசையின் 'ஆக்டெட் லெங்த்' (பைட்டில் நீளம்) உச்சத்தைக் கேளுங்கள், கூடவே பெரிய இருபது வரிகளையும். அந்த இருபதைப் பார்த்தாலே களஞ்சியத்தின் நோய் தெரிந்துவிடும்.

இன்னொரு கேள்வியும் கேட்கவேண்டும். நீளம் மிகச் சரியாக 65,535 ஆக இருக்கும் வரிகள் எத்தனை? ஒன்றுக்கு மேல் இருந்தால் அது தற்செயலாக இருக்க வாய்ப்பில்லை. மைஎஸ்கியூஎல்லில் கறார் முறை (ஸ்ட்ரிக்ட் மோட்) என்று ஒன்று உண்டு, 5.7 பதிப்பிலிருந்து இயல்பாகவே இயங்குகிறது. அது இருந்தால் அளவு மீறும்போது 'டேட்டா டூ லாங்' என்று 1406 எண்ணுள்ள பிழை வந்து சேமிப்பு நின்றுவிடும். எரிச்சலாக இருக்கும், ஆனால் நல்லது. அது இல்லாத பழைய சர்வரில், அல்லது பழைய அமைப்புகளை அப்படியே தூக்கிக்கொண்டு வந்த புதிய சர்வரில், மிச்சத்தை வெட்டி எறிந்துவிட்டு ஓர் எச்சரிக்கையோடு 'சேமித்தாயிற்று' என்று சொல்லிவிடும். வால் அறுந்த மூட்டை அடுத்த தடவை படிக்கும்போதுதான் உடையும். அதைத் திரும்பக் கட்ட வழியில்லை, பழைய காப்புப் பிரதியிலிருந்துதான் எடுக்கவேண்டும். எனவே கறார் முறை அணைந்திருந்தால் இன்றே போடுங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

ஜாக்ராபிட்டிலேயே 'கன்சிஸ்டென்சி செக்' என்று ஓர் அமைப்பு இருக்கிறது. அதை இயக்கினால் தொடங்கும்போது மரத்தைச் சரிபார்த்து லாகில் எழுதும். பக்கத்திலேயே 'கன்சிஸ்டென்சி ஃபிக்ஸ்' இருக்கும். காப்பு எடுக்காமல் அதைத் தொடாதீர்கள். காணாமல் போன பிள்ளையைத் தேடித் தருவது அதன் வேலை இல்லை, பெற்ற நோடின் பட்டியலிலிருந்து பெயரை அடித்துவிடுவதுதான் அது செய்யும் சரிப்படுத்தல்.

கோப்புகளை டேட்டாபேஸுக்கு வெளியே கொண்டுபோங்கள்

24 மெகாபிக்சல் கேமராவில் எடுத்த படத்தைச் சுருக்காத 8 பிட் டிஃப் கோப்பாக வைத்தால் 72 எம்பி வரும். ப்ளாப்பைவிடப் பெரிய மீடியம்ப்ளாப் வகையின் உச்சம் 16 எம்பி. மைஎஸ்கியூஎல் 8.0 சர்வர் ஒரே தடவையில் வாங்கிக்கொள்ளும் பொட்டலத்தின் (பாக்கெட்) இயல்பு அளவு 64 எம்பி. கல்வெட்டுப் படத்தைத் தரம் குறைத்து வைப்பதில் அர்த்தமில்லை. பாறையின் கீறல் எது, வெட்டிய கோடு எது என்று பார்க்கத்தான் அந்தப் படமே. ஆகவே படங்கள் டேட்டாபேஸில் இருக்கக்கூடாது என்பது என் கட்சி.

ஜாக்ராபிட்டில் இதற்கு ஃபைல் டேட்டா ஸ்டோர் இருக்கிறது. களஞ்சியத்தின் முதன்மை அமைப்புக் கோப்பான ரெப்பாசிட்டரி டாட் எக்ஸ்எம்எல்லில் அதை அறிவித்து, ஒரு கோப்புறையைக் காட்டிவிட்டால் போதும். குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட எல்லா பைனரியும் அங்கே போகும். இயல்பு அளவு 100 பைட். உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட கைரேகை போன்ற ஹேஷ் மதிப்பே கோப்பின் பெயர். அதனால் ஒரே படத்தை நாலு பேர் நாலு கிளையில் ஏற்றினாலும் வட்டில் ஒரு பிரதிதான். கல்வெட்டுக் குழுக்களில் வாட்ஸ்அப்பில் சுற்றும் அதே படம் அதே பைட்டுகளோடு திரும்பத் திரும்ப வரும், இது நன்றாகவே உதவும்.

டேட்டாபேஸுக்குள்ளேயே வைக்கும் டேட்டா ஸ்டோர் வகையும் உண்டு. எல்லாம் ஒரே காப்பில் வரும் என்பது அதன் கவர்ச்சி. ஆனால் நாம் தப்பித்து ஓடும் அதே பொட்டல அளவுக்குள் திரும்ப நுழைவதுதான் அது. பல சர்வர்கள் சேர்ந்து ஓடும் இடத்தில், எல்லாவற்றுக்கும் பொதுவான பகிர்வு வட்டு கிடைக்காவிட்டால் மட்டும் யோசிக்கலாம்.

இரண்டு விஷயம் நினைவில் இருக்கட்டும். ஏற்கெனவே சரக்கு உள்ள களஞ்சியத்தில் டேட்டா ஸ்டோரை அறிவித்தால் புதியவை மட்டும்தான் அங்கே போகும். பழையவற்றை நகர்த்த ஏற்றுமதி செய்து புதிய களஞ்சியத்தில் இறக்குமதி செய்யவேண்டும். அடுத்து, நோடை அழித்தாலும் கோப்பு உடனே போகாது. குப்பை அகற்றும் வேலையைத் தனியாக ஓட்டினால்தான் வட்டில் இடம் திரும்பும்.

பிள்ளைகளைப் பிரித்துவிடுங்கள்

புதியவர்கள் தவறவிடுவது இதைத்தான். நெடுவரிசை எவ்வளவு பெரிதாக இருந்தாலும், ஒரு பிள்ளையைச் சேர்க்கும் ஒவ்வொரு தடவையும் பெற்ற நோடின் மூட்டை முழுவதும் திரும்ப எழுதப்படுகிறது. பத்தாயிரம் பிள்ளை, தலைக்கு நூறு பைட் என்றால் மூட்டை 1 எம்பி. ஒரு படம் சேர்க்க 1 எம்பி எழுதவேண்டும். ஐந்நூறு படங்களை ஒவ்வொன்றாகச் சேமித்தால் 500 எம்பி. மூட்டைகளை நினைவகத்தில் வைத்துக்கொள்ளும் கேஷின் இயல்பு அளவு 8 எம்பிதான். இப்படி ஏழெட்டு மூட்டை வந்து உட்கார்ந்தால் மற்ற நோடுகளுக்கு இடமிருக்காது. ஒரு நோடின் கீழ் சுமார் பத்தாயிரம் பிள்ளை வரைக்கும்தான் ஜாக்ராபிட் நன்றாக ஓடும்படி செய்யப்பட்டிருக்கிறது. என்னைக் கேட்டால் ஆயிரத்திலேயே நிறுத்திக்கொள்வேன்.

'படங்கள்' என்று ஒரே கிளை வைத்து எல்லாவற்றையும் அதில் கொட்டுவதுதான் வழக்கமான ஆரம்பம். அதற்குப் பதிலாக மதுரை, மேலூர், அரிட்டாபட்டி, கழிஞ்சமலை என்று இயல்பான படிகளில் இறங்குங்கள். அப்படிப் பிரித்தும் ஓர் இடத்தில் கூட்டம் சேர்ந்தால் ஆண்டும் மாதமும் போட்டுப் பிரிக்கலாம். எந்த ஒழுங்கும் இல்லாத சரக்கென்றால் ஹேஷ் மதிப்பின் முதல் இரண்டு பதினறும (ஹெக்ஸ்) இலக்கங்களைக் கொண்டு 256 கிளை ஆக்கலாம். ஃபைல் டேட்டா ஸ்டோர் தன் கோப்புகளை வட்டில் அடுக்குவதும் இதே முறையில், மூன்று அடுக்காக. ஆனால் மனிதர்கள் மேய்ந்து பார்க்கும் களஞ்சியத்தில் ஹேஷ் கிளை ஒரு தண்டனை. ஊர்ப்பெயர் இருக்கும்போது ஊர்ப்பெயரையே வையுங்கள்.

இடம் மாற்றுவது பயப்படும் வேலை இல்லை. ஒரு நோடைக் கிளையோடு நகர்த்தினால் அதன் அடையாள எண் மாறாது, அடியில் உள்ளவை அப்படியே இருக்கும். மாறுவது அந்த நோடும் பழைய, புதிய பெற்றோர் மூட்டைகளும்தான். நூறு நூறாக நகர்த்திச் சேமியுங்கள். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் நகர்த்தி ஒரே தடவை சேமித்தால் சேமிக்காத மாற்றமெல்லாம் நினைவகத்தில் நிற்கும்.

இப்போது நெடுவரிசை

புதிதாக நிறுவுகிறீர்கள் என்றால் வேலை சுலபம். டேபிள்களை உருவாக்கும் கட்டளைகள் ஜாக்ராபிட்டின் ஜார் கோப்புக்குள் (ஜாவா நிரலின் பொதி) டிடிஎல் கோப்புகளாக, டேட்டாபேஸுக்கு ஒன்றாக இருக்கின்றன. முதல் தடவை தொடங்கும்போது டேபிள் இருக்கிறதா என்று பார்க்கும், இல்லையென்றால் அந்தக் கட்டளைகளை ஓட்டும். இருந்தால் ஓட்டாது. இந்தக் குணத்தைத்தான் நாம் பயன்படுத்தப்போகிறோம். ஜாரைப் பிரித்து உள்ளே திருத்துவோரும் உண்டு, அடுத்த பதிப்பு ஏற்றும்போது அந்தத் திருத்தம் சத்தமில்லாமல் போய்விடும். நான் சொல்லும் வழி இது: வெற்று டேட்டாபேஸ் ஒன்றைச் சோதனைக்கு உருவாக்கி ஜாக்ராபிட்டை ஒரு தடவை தொடங்கி நிறுத்துங்கள். அது உருவாக்கிய டேபிள்களின் கட்டளைகளை 'ஷோ கிரியேட் டேபிள்' மூலம் எடுத்து ஒரு கோப்பில் வைத்து, தேவையான வகைகளை மாற்றி, உண்மையான டேட்டாபேஸில் நீங்களே ஓட்டிவிடுங்கள். பிறகு ஜாக்ராபிட்டைத் தொடங்குங்கள்.

இப்படி எடுத்தால் பெயரில் பிழை வராது. டேபிள் பெயரின் முன்னொட்டை ஜாக்ராபிட் பெரிய எழுத்தாக மாற்றிவிடும், லினக்ஸில் மைஎஸ்கியூஎல் டேபிள் பெயர்களில் பெரிய எழுத்து சிறிய எழுத்து பார்க்கும். கையால் அடித்தால் தவற வாய்ப்புண்டு. பண்டில் டேபிளை மட்டும் உருவாக்கிவிட்டு மற்றதை அது பார்த்துக்கொள்ளும் என்று விடவும் கூடாது. மூட்டை, நோடுகள் ஒன்றையொன்று சுட்டும் குறிப்புகள், பைனரி, பெயர்கள் ஆகிய எல்லா டேபிளும் அவற்றின் இண்டெக்ஸ்களும் வேண்டும்.

எந்த வகைக்கு மாற்றுவது? லாங்ப்ளாப். ப்ளாப் வகை நீளத்தைக் குறிக்க 2 பைட் எடுக்கும், மீடியம்ப்ளாப் 3, லாங்ப்ளாப் 4. வரிக்கு ஒரு பைட் மிச்சம் பிடிக்க நடுவில் நிற்பதில் பயனில்லை. லாங்ப்ளாப்பின் உச்சம் 4 ஜிபி என்று ஏட்டில் இருந்தாலும் பொட்டல அளவின் உச்சம் 1 ஜிபி என்பதால் அதை எட்டவே முடியாது. 'மேக்ஸ் அலவ்ட் பாக்கெட்' அமைப்பையும் உங்கள் பெரிய மூட்டைக்குத் தகுந்தபடி ஏற்றவேண்டும் என்பதை மறக்காதீர்கள். கோப்புகளை வெளியே அனுப்பிவிட்டவர்களுக்கு 64 எம்பி தாராளம்.

ஓடிக்கொண்டிருக்கும் களஞ்சியம் என்றால் 'ஆல்டர் டேபிள்'தான் வழி. ஜாக்ராபிட்டை நிறுத்துங்கள், முழுக் காப்பு எடுங்கள், அதன் பிறகே கட்டளை. வகையை மாற்றும்போது மைஎஸ்கியூஎல் புது டேபிள் கட்டி வரிகளை அதில் ஊற்றும், ஆகவே வட்டில் டேபிளின் அளவுக்கு இன்னொரு பங்கு காலி இடம் வேண்டும். கட்டளையில் 'நாட் நல்' என்பதைத் திரும்ப எழுதாவிட்டால் அந்தக் கட்டுப்பாடு காணாமல் போய்விடும். நம் பக்கம் மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்தடை அறிவிக்கும் நாளையும் பார்த்துக்கொள்ளுங்கள். சர்வர் நூலகத்தின் மூலையில் ஒரு யுபிஎஸ்ஸை நம்பி நிற்கிறது என்றால் அன்றைக்கு இந்த வேலை வேண்டாம்.

மாற்றவேண்டியது ஒரு டேபிள் இல்லை. ஒரு களஞ்சியத்துக்குள் வொர்க்ஸ்பேஸ் என்ற தனி மரங்கள் பல இருக்கலாம், ஒவ்வொரு வொர்க்ஸ்பேஸுக்கும் தனித்தனி டேபிள் தொகுதி உண்டு. பழைய பதிப்புகளைச் சேமிக்கும் பகுதிக்கு இன்னொரு தொகுதி. வொர்க்ஸ்பேஸ் டேபிளை அகலப்படுத்திவிட்டு பதிப்புத் தொகுதியை மறந்தால், சேமிக்கும்போது ஒன்றும் ஆகாது, பதிப்பாக முடக்கும் (செக்-இன் செய்யும்) நேரத்தில் 1406 வந்து நிற்கும்.

அமைப்புக் கோப்பிலும் ஒரு பொறி இருக்கிறது. ரெப்பாசிட்டரி டாட் எக்ஸ்எம்எல்லில் உள்ள வொர்க்ஸ்பேஸ் பகுதி வெறும் அச்சு. முதல் தொடக்கத்தில் அதைப் பார்த்து ஒவ்வொரு வொர்க்ஸ்பேஸுக்கும் தனியாக வொர்க்ஸ்பேஸ் டாட் எக்ஸ்எம்எல் உருவாகிவிடும். அதற்குப் பிறகு அச்சை எவ்வளவு திருத்தினாலும் பழைய வொர்க்ஸ்பேஸ் கண்டுகொள்ளாது. திருத்தவேண்டியது அந்தத் தனிக் கோப்பை.

வொர்க்ஸ்பேஸுக்குத் தமிழில் பெயர் வைக்கலாமா

ஆசை நியாயமானது, ஆனால் இங்கே வேண்டாம். டேபிள் பெயரின் முன்னொட்டாக வொர்க்ஸ்பேஸ் பெயரை வைப்பது வழக்கம். ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு தவிர மற்ற குறியீடு வந்தால் ஜாக்ராபிட் அதை ஏழு எழுத்துள்ள ஒரு சங்கேதமாக மாற்றும். 'மதுரை' ஐந்து குறியீடு, 35 எழுத்தாகிவிடும், சரி, தப்பிக்கலாம். 'கல்வெட்டுகள்' 12 குறியீடு, 84 எழுத்து. மைஎஸ்கியூஎல் டேபிள் பெயருக்கு 64 எழுத்துதான் அனுமதி. ஆரக்கிளில் 12.2 பதிப்புக்கு முன் 30 பைட்தான், அங்கே 'மதுரை'க்கே இடமில்லை. வொர்க்ஸ்பேஸ் பெயர் பயனர் கண்ணில் படாது, சின்னதாக ஆங்கில எழுத்தில் வைத்துவிடுங்கள். நோடுகளுக்குத் தமிழ்ப் பெயர் தாராளமாக வைக்கலாம், பைட் கணக்கு மட்டும் நினைவிருந்தால் போதும்.

வேறு டேட்டாபேஸ் என்றால்

போஸ்ட்கிரெஸில் பைட்டியா வகைக்கு இந்தச் சின்னது பெரியது தேர்வே கிடையாது, 1 ஜிபி வரை ஒரே வகை. டேபிள் திருத்தும் வேலை மிச்சம். பிள்ளைகளைப் பிரிக்கும் வேலையும் கோப்புகளை வெளியே அனுப்பும் வேலையும் அங்கேயும் அப்படியே இருக்கும்.

ஜாக்ராபிட்டின் அடுத்த தலைமுறையான ஓக்குக்கு மாறினால் கதை வேறு. அதில் வரிசை ஒழுங்கு தேவைப்படாத நோடு வகையைத் தேர்ந்தெடுத்தால் பிள்ளைகளின் பட்டியல் பெற்ற நோடிலேயே குவியாது, கூட்டம் தாங்கும். வரிசை ஒழுங்குள்ள வகையைக் கையில் எடுத்தால் பழைய தொல்லை திரும்ப வரும். அடியில் மாங்கோடிபி வைத்தால் ஓர் ஆவணத்துக்கு 16 எம்பி என்ற உச்சம் உண்டு, அதை ஆல்டர் செய்து பெரிதாக்க வழி கிடையாது.

சோதித்துப் பார்ப்பதும் காப்பு எடுப்பதும்

மாற்றம் முடிந்ததும் ஒரு சோதனைக் கிளையில் நீளமான தமிழ்ப் பெயர்களோடு இரண்டாயிரம் பிள்ளைகளைச் சேருங்கள். பழைய 65,535 எல்லையைத் தாண்டும் அளவுக்கு. சேமித்து, பதிப்பாக முடக்கி, ஜாக்ராபிட்டை நிறுத்தித் தொடங்கி, எல்லாம் திரும்ப வருகிறதா என்று எண்ணிப் பாருங்கள். நிறுத்தித் தொடங்குவது முக்கியம், இல்லையென்றால் கேஷில் உள்ள நல்ல பிரதியைப் பார்த்து நீங்கள் திருப்திப்பட்டுவிடக்கூடும்.

இனிமேல் சரக்கு இரண்டு இடத்தில் இருக்கிறது, டேட்டாபேஸிலும் கோப்புறையிலும். காப்பு எடுக்கும்போது டேட்டாபேஸ் முதலில், டேட்டா ஸ்டோர் கோப்புறை பிறகு. கோப்புறையில் சேர்ப்பது மட்டுமே நடப்பதால், டேட்டாபேஸ் காப்பு குறிப்பிடும் எல்லாக் கோப்பும் பின்னால் எடுத்த கோப்புறைக் காப்பில் கட்டாயம் இருக்கும். தலைகீழாக எடுத்தால் இடைப்பட்ட நேரத்தில் ஏற்றிய படங்களுக்கு நோடு இருக்கும், படம் இருக்காது. குப்பை அகற்றும் வேலை இந்த இரண்டுக்கும் நடுவில் ஓடாதபடி நேரத்தைத் தள்ளி வையுங்கள். காப்பு இரவு பதினொன்றுக்கு என்றால் குப்பை அகற்றல் ஞாயிறு விடிகாலையில் ஓடட்டும்.